சுவாமிக்குப் பின்னால் கேட்ட முப்பத்தேழு மேளம்

இது நடந்த கோயிலின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் மற்றக் கோயில்காரர் எல்லோரும் தங்களைச் சொல்லவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். வேலணைத் தீவில், கடற்காற்று அடிக்கிற தூரத்தில் ஒரு பிள்ளையார் கோயில் என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பிரியவதனியின் பெயரை மறைக்கத் தேவையில்லை. ஒரு வருடமாக அதை அவளே போதுமான அளவு மறைத்துவிட்டாள்.

புங்குடுதீவில் இறுப்பிட்டிக்காரி. வயது இருபத்தொன்பது. பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். அப்பா முருகேசு தோட்டக்காரர். அவருடைய பக்கத்திலும் அம்மா சறோஜினிதேவியின் பக்கத்திலும் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். கலைப்பீடத்தில் படித்த நாலு வருடமும் இணுவில் பக்கம் ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தாள். அடுத்த வளவில் விடியற்காலையில் தவில் சாதகம் நடக்கும். முதல் மாதம் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு படுத்தாள். இரண்டாம் மாதம் அடிகளை எண்ணத் தொடங்கினாள். மூன்றாம் மாதம் அந்த வீட்டில் மரணத் துடக்கு என்று சாதகம் சில நாள் நின்றபோது, என்ன குறைகிறது என்று விளங்காமல் பல் துலக்கிய வாயோடு முற்றத்தில் நின்றாள். படித்த பாடங்களில் பாதி மறந்து போயிற்று. அந்த எண்ணிக்கை மறக்கவில்லை.

வேலை நிரந்தரமானதும் ஸ்கூட்டி ஒன்று எடுத்தாள். போன வருடம் ஆவணியில் தொடங்கினாள். எந்தக் கோயிலில் கொடியேற்றம், எந்தத் திருவிழாவுக்கு எந்த மேளம் என்று நோட்டீஸ் பார்த்து, லீவு எடுத்து, கேட்கப் போனாள்.

யாழ்ப்பாணத்தில் மேளத்துக்குப் பின்னால் திரிகிற இளைஞர் கூட்டம் ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிளில் கோயில் கோயிலாகப் போவார்கள். இன்னார் தவில் என்றால் முப்பது கிலோமீட்டர் ஒரு பொருட்டில்லை. அவர்களை ஊர் ‘ரசிகர்கள்’ என்று சொல்லும். அதையே ஒரு பெண் செய்தால் ஊர் சொல்லுகிற சொல் வேறு.

“மேளத்துக்குப் பின்னால திரியிற பிள்ளை எண்டு பேர் எடுத்தால் ஆரடி கட்டுவான்?” என்று அம்மா கேட்டாள். கடைசியில் அம்மாவே ஒரு சமாதானமும் கண்டுபிடித்தாள். “தம்பியைக் கூட்டிக்கொண்டு போறதெண்டால் போ.”

தம்பி நிலக்ஷனுக்கு இருபத்தைந்து வயது. பிரான்சுக்குப் போக அலுவல் பார்த்துக்கொண்டிருப்பவன். நல்லவன், ஆனால் மேளம் என்றால் அவனுக்குத் தலையிடி. கோயில் வாசலில் இறங்கியதும், “அக்கா, முடிய கோல் அடி, வாறன்” என்று கச்சான் கடலை விற்கிற கடைப் பக்கம் போய்விடுவான். முப்பத்தேழு கோயிலிலும் அவன் தவிலில் ஒரு தீர்மான அடியைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. கச்சான் எங்கே நல்லது, எங்கே தீய்ந்தது என்று மட்டும் வரிசையாகச் சொல்லுவான்.

ஒரு மாதத்தில் ஊர்காவற்றுறைத் துறையில் ஸ்கூட்டியைப் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏற்றி, காரைநகர்ப் பக்கம் இறங்கிப் போனார்கள். அந்த இரும்புத் தட்டு நகர்கிற சத்தத்தில்கூட அவள் தாளம் போட்டுக்கொண்டு நின்றாள். ஆனி மாதம் நயினாதீவுக்கு, குறிகட்டுவானில் இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்று படகு ஏறினார்கள். மழையில் பண்ணைப் பாலத்தில் ஸ்கூட்டி நின்றுபோய், நனைந்த சீலையோடு உருட்டிக்கொண்டு போன நாளும் உண்டு. அன்றைக்கு வாசித்த கரகரப்பிரியாவை நினைத்தால் அவளுக்கு இப்போதும் குளிரும்.

நெடுந்தீவுக்கு அவளோடு வேலை செய்கிற யூலியட்டின் வீட்டுக்குப் போனதுதான் எல்லாவற்றிலும் நீண்ட பயணம். யூலியட் கத்தோலிக்கப் பிள்ளை. நெடுந்தீவில் பிறந்து வளர்ந்தவள். “எங்கட தீவில ஒரு அம்மன் கோயில் மேளம். வாரும், கடல் உம்மை விட்டால்” என்று கூப்பிட்டாள். கடல் விடத்தான் செய்தது. படகில் நிலக்ஷன் மூன்று தரம் சத்தி எடுத்தான். கல்வேலிகளுக்கு நடுவில் கோயில், வெளியில் மாடுகள், உள்ளே நாலே நாலு கலைஞர், கேட்க அறுபது பேர். அந்த அறுபது பேருக்காக அந்தத் தவில்காரர் ஒரு மணித்தியாலம் தனி வாசித்தார். யூலியட் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

“எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, பிரியா. ஆனால் அந்த மனிசன் கோவத்தில அடிக்கிறாரோ சந்தோசத்தில அடிக்கிறாரோ எண்டு கேட்டுச் சொல்லும்” என்றாள்.

“முகத்தைப் பாத்தால் சொல்லலாம்.”

“அப்ப போய்ப் பாரும்.”

பிரியவதனி போகவில்லை. போக ஏலாது. அதுதான் முழுச் சங்கதியும்.

சுவாமி வீதி வலம் வரும்போது மேளம் முன்னால் போகும். மேளத்தைச் சுற்றி ஆண்கள், மேலுக்குச் சேட்டில்லாமல், வேட்டியும் சால்வை இடுப்பிலுமாக. அதற்குப் பின்னால் சுவாமி. சுவாமிக்குப் பின்னால் பஜனையோடு பெண்கள். தெற்கு வீதியிலோ மேற்கு வீதியிலோ மேளம் நின்று, ஆண்கள் வளையம் கட்டி, தனி தொடங்கும்போது, பெண்கள் சுவாமியின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எந்தப் புத்தகத்திலும் அப்படி எழுதியிருப்பதாக அவளுக்குத் தெரியாது. எந்தப் பலகையிலும் இல்லை. ஆனாலும் ஒரு பெண் அந்த வளையத்துக்குக் கிட்டப் போனால், யாரோ ஒருவர் மிகவும் தன்மையாக, “பிள்ளை, அங்கால நில்லும்” என்பார். தேர் வடம் பிடிக்கும்போது மட்டும் பெண்கள் ஒரு பக்கம் முழுவதும் வேண்டும். “பொம்பிளையள் இழுக்கிறியள் இல்லை, நல்லா இழுங்கோ!” என்று மைக்கில் கத்துவார்கள். இழுத்து முடிந்ததும், அங்கால நில்லும்.

அவள் அங்காலதான் நின்றாள், முப்பத்தேழு தரமும். கைத்தொலைபேசியைத் தடியில் பூட்டி, தலைகளுக்கு மேலால் உயர்த்தி வீடியோ எடுத்தாள். வளையத்துக்குள் நடப்பதை அந்தச் சின்னத் திரையில் பார்த்தாள். தவில்காரரின் முகத்தை அவள் பார்த்த ஒரே வழி அதுதான். அப்படி எடுத்ததை ‘உப்புக்காற்றில் மேளம்’ என்று முகநூலில் ஒரு பக்கம் தொடங்கிப் போட்டாள். எந்தக் கோயில், எந்த இராகம், தனி எந்த நடையில் தொடங்கி எங்கே திரும்பியது என்று கீழே நாலு வரி எழுதுவாள். அந்த நாலு வரிக்காகவே ஆட்கள் வந்தார்கள். வருடம் முடிவதற்குள் பதினோராயிரம் பேர். பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருக்கிற தீவு ஆட்கள்.

“அருமை தம்பி.” “தம்பிக்கு நல்ல லய ஞானம்.” “தம்பி, எங்கட ஊர்க் கோயிலுக்கும் வாரும்.” முதலாவது ‘தம்பி’யைப் பார்த்தபோது சிரித்தாள். “நன்றி அண்ணை” என்று பதில் போட்டாள். இரண்டாவதுக்கும் அதுதான். நூறாவதுக்கும் அதுதான். நான் தம்பி இல்லை என்று எழுத விரலை வைத்து, எடுத்த நாட்கள் உண்டு. ஆண் என்று நினைப்பதால்தான் அந்த நாலு வரியை நம்புகிறார்களோ என்று ஒரு பயம். பொய் சொல்லவில்லை, கேட்காததற்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். அந்தத் தேற்றல் நியாயமா என்று இன்றுவரை அவளுக்கு நிச்சயமில்லை.

ஆவணி தொடங்க, அந்தப் பிள்ளையார் கோயில் பரிபாலன சபைத் தலைவர் சரவணமுத்து அந்தப் பக்கத்துக்குச் செய்தி அனுப்பினார். ஓய்வுபெற்ற அதிபர். எழுத்து அச்சடித்தது போல இருந்தது. தீவகத்தின் மங்கல இசையை உலகறியச் செய்யும் தங்களை எமது தேர்த் திருவிழாவில் பொன்னாடை போர்த்தி, ‘ஒளிப்பதிவுச் செம்மல்’ எனும் பட்டமும் வழங்கிக் கௌரவிக்க விரும்புகின்றோம். முழுப் பெயரும் தொலைபேசி இலக்கமும் அனுப்பி உதவவும்.

அவள் இலக்கத்தை அனுப்பினாள். அடுத்த நிமிடமே அழைப்பு வந்தது.

“வணக்கம், தம்பி நிக்கிறாரோ?”

“எந்தத் தம்பி, ஐயா?”

“உந்த மேள வீடியோ எடுக்கிறவர்.”

“அது நான்தான் ஐயா. பிரியவதனி. இறுப்பிட்டி.”

அவர் இலக்கத்தை வாய் விட்டு வாசித்துச் சரிபார்த்தார்.

“நீரோ?” என்றார் சரவணமுத்து. “நல்லது பிள்ளை, நல்லது. சந்தோசம்.” பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, “பிள்ளை, ஒண்டு யோசியும். தேர் இருப்பிடத்துக்கு வந்தாப்பிறகு, முன்னுக்கு, மேளத்துக்கு நடுவில வைச்சுத்தான் குடுக்கிறது. ஆம்பிளையள் சேட்டில்லாமல் நிக்கிற இடம். அதுக்குள்ள ஒரு பொம்பிளைப் பிள்ளையைக் கூப்பிட்டு விட்டால் உமக்கும் வெக்கம், எங்களுக்கும் வெக்கம்.”

“எனக்கு வெக்கம் இல்லை ஐயா.”

“உமக்கு இராது. பாக்கிற சனம் கதைக்கும்.” இரக்கத்தோடுதான் சொன்னார்; அந்த இரக்கம்தான் பிறகு நாள் முழுக்க அவளைக் குடைந்தது. “வீட்டில ஆம்பிளைச் சகோதரம் ஒண்டும் இல்லையோ?”

இருக்கிறான் என்று சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்று அன்று பின்னேரம் முழுக்கத் தன்னையே கேட்டாள். அந்தப் பக்கத்தின் பெயரை மைக்கில் ஒரு தரம் கேட்க வேண்டும் என்ற ஆசை. வேறு ஒன்றும் இல்லை.

“ஆர் வாங்கினால் என்ன, எங்கட வீட்டுக்குத்தானே வருது” என்றாள் அம்மா.

“எனக்கு என்னத்துக்கு, அக்கா? நான் அதில நிண்டு என்ன கதைக்கிறது?” என்று நிலக்ஷன் உண்மையாகவே பயந்தான்.

“கச்சானைப் பற்றிக் கதை” என்றாள்.

மறுநாள் அலுவலகத்தில் யூலியட்டிடம் சொன்னபோது, அவள் தேநீர்க் கோப்பையை மேசையில் அடித்து வைத்தாள். “விசரே உமக்கு? முதல் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆம்பிளை. இப்ப உமக்குப் பதிலா நிக்கவும் அதே ஆம்பிளையோ? நாளைக்கு உம்மட சம்பளத்தையும் அவர் போய்க் கையெழுத்து வைச்சு எடுக்கட்டும்.”

“நான்தானே ஓம் எண்டனான்.”

“அதுதான் எனக்குக் கூடக் கோவம்.”

தேர் அன்று யூலியட்டும் வந்தாள். வெயில் மண்ணைச் சுட்டது. பிரியவதனி பெண்கள் பக்கத்து வடத்தில் கை வைத்து இழுத்தாள். உள்ளங்கை உரிந்தது. தெற்கு வீதி மணலில் தேர் புதைந்து நின்றபோது, வழக்கம்போல, “பொம்பிளையள் கையை மட்டும் வைச்சுக்கொண்டு நிக்கிறியள்!” என்று ஒலிபெருக்கி கத்தியது. நெருக்கி இழுத்தார்கள். தேர் அசைந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு இருப்பிடத்துக்கு வந்து சேர்ந்ததும் ஆண்கள் முன்னால் வளையம் கட்டினார்கள். பெண்கள் பின்வாங்கினார்கள். யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே நடந்தது. தன் கால்களும் கேட்காமலே பின்னால் போவதை அவள் அன்றுதான் கவனித்தாள்.

அன்னதான மடத்தின் படியில் ஏறி நின்று, தடியை உயர்த்தி, நேரலையைத் தொடங்கினாள். சுவிசில் காலை எட்டரை, லண்டனில் ஏழரை. நானூறு பேர் வந்துவிட்டார்கள். “வணக்கம் தம்பி.” “தம்பி, கொஞ்சம் கிட்டப் போங்கோ.”

வளையத்துக்குள் சரவணமுத்து மைக்கைப் பிடித்தார். “ஒரு வருட காலமாக, வெயில் என்றும் மழை என்றும் பாராது, கடல் கடந்து சென்று, முப்பத்தேழு ஆலயங்களின் மங்கல இசையைப் பதிவு செய்த இந்த இளைஞர்…” பொன்னாடை நிலக்ஷனின் வெறும் தோளில் ஏறியது. அவன் சிரிக்க முயன்றான். கைதட்டல். எடுத்தவனுக்குக் கௌரவம் நடப்பதை எடுத்தவளே எடுத்துக்கொண்டு நின்றாள். பண்ணைப் பாலத்து மழை அவளுடையது, குறிகட்டுவான் வரிசை அவளுடையது, அந்த நாலு வரிகள் அவளுடையவை. தோள் மட்டும் அவனுடையது.

“தம்பி, இந்த வருசம் கேட்ட மேளத்துக்குள்ள உமக்குப் பிடிச்சது எது? ரசிகர்களுக்குச் சொல்லும்” என்று சரவணமுத்து மைக்கை நீட்டினார்.

நிலக்ஷன் தேரைப் பார்த்தான். மேளக்காரரைப் பார்த்தான். “எல்லாம் நல்லம்” என்றான். பிறகு, அது போதாது என்று அவனுக்கே பட்டிருக்க வேண்டும். “நெடுந்தீவில நல்லா அடிச்சவை. அங்க கூழும் நல்லம்.”

வளையம் முழுவதும் சிரித்துக் கைதட்டியது. தன்னடக்கமான பெடியன் என்று ஒருவர் சொன்னது ஒலிபெருக்கியில் கேட்டது. நெடுந்தீவில் அந்த ஒரு மணித்தியாலமும் அவன் யூலியட் வீட்டில் படுத்துக் கிடந்தவன்.

திரையில் கொமெண்டுகள் ஓடின. அதற்குள் சுவிசில் இருந்து ஒருவர் எழுதினார்: “தம்பி அங்க நிக்கிறார் எண்டால், இந்த வீடியோவை இப்ப ஆர் எடுக்கிறது?”

சிரிப்பு முகங்கள். “தடியை நட்டு விட்டிருப்பார்.” “சிநேகிதப் பெடியன் ஆரும்.” “அவற்ற மனிசியாய் இருக்கும், பாவம், வெயிலுக்குள்ள நிக்க விட்டிட்டார்.”

அந்த ‘பாவம்’ என்ற சொல்தான். ஒரு வருடமாக அவள் விழுங்கியது எல்லாம் அதில் வந்து முட்டியது. கோபம் சரவணமுத்துவில் தொடங்கி, அம்மாவில், தம்பியில் ஏறி, கடைசியில் “நன்றி அண்ணை” என்று நூறு தரம் எழுதிய அவளுடைய விரலிலேயே வந்து நின்றது.

“நான் எடுக்கிறன்” என்றாள், வாய் விட்டு. பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பினார்கள். “முப்பத்தேழும் நான்தான் எடுத்தனான். எழுதினதும் நான்தான். பேர் பிரியவதனி, முருகேசுவின்ர மகள், இறுப்பிட்டி. அங்க பொன்னாடையோட நிக்கிறது என்ர தம்பி. அவனில பிழை இல்லை. அவனுக்கு மேளம் பிடிக்காது.”

கொமெண்டுகள் முதலில் ஒன்றிரண்டாக வந்தன. பிறகு ஒரேயடியாக வந்தன. அவள் வாசிக்கவில்லை.

“என்னடி இது, கோயிலுக்குள்ள சத்தம் போடுறாய்?” என்றாள் ஒரு பெண்.

“மைக்கில போடுற சத்தம் உங்களுக்குக் கேக்கேல்லையோ?” என்றாள் யூலியட். பிரியவதனியின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். “போம். முகத்தைப் போய்ப் பாரும்.”

அவள் படியால் இறங்கி நடந்தாள். முன்னால் தவில் நாலும் தனியைத் தொடங்கிவிட்டன. வளையத்தின் வெளிவிளிம்பில் நின்ற ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தடியையும் தொலைபேசியையும் பார்த்ததும் வழி விட்டார்கள். “வீடியோக்காரர், விடுங்கோ, விடுங்கோ.” வியர்த்த முதுகுகள் ஒவ்வொன்றாக விலகின. ஒரு வருடம் கழித்து வளையம் திறந்தது. அவளுக்காக இல்லை, அந்தத் தடிக்காக. அவளுக்கு இன்னும் கோபம் ஏறியது.

முன்னால் நின்ற தவில்காரரில் இருந்து ஆறடி தூரத்தில் போய் நின்றாள். முதன்முறையாக ஒரு தவில்காரரின் முகத்தைத் திரையில் இல்லாமல் பார்த்தாள். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் நின்று, அடிக்கு அடி தெறித்தது. கண் பாதி மூடியிருந்தது. நேரலையை நிறுத்தினாள். நானூற்றுச் சொச்சம் பேர் அந்த இடத்தோடு அறுந்து போனார்கள். தடியை மடித்து, தொலைபேசியைக் கைப்பைக்குள் போட்டு, சிப்பை இழுத்து மூடினாள். வலக்கையை இடக்கையில் வைத்துத் தாளம் போடத் தொடங்கினாள், எல்லோருக்கும் தெரிய.

நிலக்ஷன் பொன்னாடையைத் தோளில் இருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் நின்றான். சரவணமுத்து கூட்டத்துக்குள்ளால் அவளை நோக்கி வந்தார். தவில் சத்தத்தில் கத்தித்தான் கதைக்க வேண்டியிருந்தது.

“பிள்ளை! எடுத்து முடிஞ்சுதெண்டால் அங்கால போம்!”

“எடுக்க வரேல்லை ஐயா. கேக்க வந்தனான்.”

“கேக்கிறதெண்டால் அங்க நிண்டும் கேக்கலாம்தானே?”

“கேக்கலாம்” என்றாள், தாளத்தை விடாமல். “அப்ப நீங்கள் போய் அங்க நிண்டு கேளுங்கோ, ஐயா. நான் ஒரு வருசம் நிண்டனான்.”

அவர் ஏதோ சொன்னார். தவில் அதை மூடிவிட்டது. பக்கத்தில் நின்ற இரண்டு இளைஞர் அவளுடைய கையைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன் கொஞ்சம் தள்ளி நின்றான், அது இடம் விடுவதற்கா விலகுவதற்கா என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபத்தில் எண்ணிக்கை பிழைத்தது. மீண்டும் பிழைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தாளம் திரும்பத் தொடங்குகிற அடுத்த சமத்துக்குக் காத்திருந்து, முதலில் இருந்து எண்ணினாள்.